ஆயமும் இற்செறிப்பும்: மாணவியர் குழு விளையாட்டில் இருபாலீர்ப்புடைய பெண்கள் – பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி மாணவியர் குழு விளையாட்டுகளில் பங்கேற்கும் இருபாலீர்ப்புடைய பெண்களின் நிலையை இக்கட்டுரை விளக்குகிறது. தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி போன்ற சிற்றூர்ச் சூழலில் பெண்கள் குழு என்பது குடும்பம் ஏற்றுக்கொண்ட வெளி. பெண்களுக்கிடையே காதல் எழாது என்னும் நம்பிக்கையே அந்த ஏற்பின் அடிப்படை. அந்நம்பிக்கை இருபாலீர்ப்புடைய பெண்ணுக்கு இடமும் தருகிறது. அவள் வாயையும் அடைக்கிறது. விளையாட்டு வீராங்கனையரின் பொது வாழ்க்கைச் செய்திகள், நீதிமன்றத் தீர்ப்புகள், பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள், முன்னைய ஆய்வு நூல்கள் ஆகியவற்றின் துணையோடு மூன்று கருத்துகள் நிறுவப்படுகின்றன. ஒன்று, விளையாடும் பெண்ணின் உடல்மீது எழும் ஐயம் அவளது ஈர்ப்பின்மீதும் படர்கிறது. இரண்டு, இருபாலீர்ப்பு இருபுறத்தாராலும் மறைக்கப்படுகிறது. மூன்று, அம்மறைப்பு திருமண வற்புறுத்தலுக்குத் துணையாகிறது.

திறவுச்சொற்கள்: இருபாலீர்ப்பு, மாணவியர் விளையாட்டு, கபடி, இற்செறிப்பு, பால்புதுமையர், பாப்பிரெட்டிப்பட்டி.

முன்னுரை

தமிழில் பெண்கள் விளையாட்டைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் வெற்றி, வறுமை, பயிற்சி வசதி ஆகியவற்றைப் பேசுகின்றன. பால்புதுமையரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் திருநர் வாழ்வையும் தற்பாலீர்ப்பையும் பேசுகின்றன. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் இருபாலீர்ப்புடைய மாணவி இரண்டு வகை எழுத்துகளிலும் அரிதாகவே தென்படுகிறாள். அவளது நிலையை ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தின் சமூக அமைப்போடு பொருத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பதினெட்டு வயது நிரம்பிய கல்லூரி மாணவியரே இங்குக் கருத்தில் கொள்ளப்படுகின்றனர்.

1. சொல்லும் பொருளும்

இருபாலீர்ப்பு என்பது ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர்மீது காதலோ ஈர்ப்போ கொள்ளும் இயல்பு. இரு பாலினத்தவர்மீதும் ஒரே அளவில், ஒரே காலத்தில் ஈர்ப்பு இருக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. ஒரு பெண் ஓர் ஆணோடு வாழ்ந்தாலும், ஒரு பெண்ணோடு வாழ்ந்தாலும், தனித்து வாழ்ந்தாலும் அவளது இயல்பு மாறிவிடுவதில்லை. மனிதரின் ஈர்ப்பை இரண்டே பெட்டிகளில் அடைக்க இயலாது என்பதை ஆல்பிரட் கின்சியும் அவர்தம் குழுவினரும் 1948, 1953 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட நூல்கள் எடுத்துக்காட்டின. ஆயினும் ‘இதுவா, அதுவா’ என்று கேட்கும் பழக்கம் இன்றும் நீங்கவில்லை.

தமிழில் இப்பொருள் குறித்த மதிப்பான சொற்கள் அண்மைக் காலத்தில்தான் நிலைபெற்று வருகின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடைபெற்ற சுஷ்மா வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ‘பால்புதுமையர்’ என்னும் சொல் அதனால் அரசு ஏற்பைப் பெற்றது. சொல் இல்லாத இடத்தில் ஒருத்தி தன் இயல்பைப் பிறரிடம் மட்டுமன்றித் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் கடினமாகிறது. ஊர்ப்பேச்சில் இருப்பவை பெரும்பாலும் வசைச்சொற்களே. ஆகவே சொல் கிடைப்பதே அவளுக்கு முதல் உதவியாகும்.

2. ஆயம் என்னும் அமைப்பு

பெண்கள் கூடி விளையாடும் குழுவைச் சங்க இலக்கியம் ‘ஆயம்’ என்கிறது. தலைவி ஆயத்தாரோடு ஓரையாடுகிறாள்; புனலாடுகிறாள்; தினைப்புனம் காக்கிறாள். வீட்டுக்கு வெளியே அவளுக்கு உரிய வெளியாக ஆயமே அமைகிறது. அவளது களவு பற்றி ஐயம் எழுந்ததும், அலர் பரவியதும், வீட்டார் அவளை வெளியே விடாமல் காக்கின்றனர். இதனை இலக்கணிகள் ‘இற்செறிப்பு’ என்பர். காதல்மீது எழும் ஐயத்திற்குத் தண்டனையாக ஆட்டமும் ஆயமும் பறிக்கப்படுகின்றன என்பது இங்கு நோக்கத்தக்கது.

அகப்பாடல்கள் பேசுவது தலைவன் தலைவி காதலையே. அவற்றில் இருபாலீர்ப்பைத் தேடுவது பொருந்தாது. ஆனால் ஆயம், அலர், இற்செறிப்பு என்னும் மூன்றும் இணைந்து இயங்கும் முறை இன்றைய சிற்றூர் மாணவியின் வாழ்விலும் காணக்கூடியது. அணியில் விளையாட ஒப்புதல் கிடைக்கிறது, பேச்சு எழுகிறது, ‘இனி விளையாட்டுக்குப் போக வேண்டாம்’ என்னும் ஆணை வருகிறது. பழைய சொற்கள் இன்றைய நடைமுறையைத் தெளிவாகக் காட்ட உதவுகின்றன என்பதாலேயே அவை இங்குப் பயன்படுத்தப்படுகின்றன.

3. பாப்பிரெட்டிப்பட்டி: களத்திற்குச் செல்லும் வழி

பாப்பிரெட்டிப்பட்டி தருமபுரி மாவட்டத்தின் தென்பகுதியில், சேர்வராயன் மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தை ஒட்டி அமைந்த பேரூராட்சி; வட்டத் தலைநகரமும் ஆகும். வாணியாறு அணையின் நீரை நம்பிய வேளாண்மை இங்கு உண்டு. அருகிலுள்ள பொம்மிடி தொடர்வண்டி நிலையம் இவ்வட்டாரத்தைச் சேலத்தோடும் சோலையார்பேட்டையோடும் இணைக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டியில் அரசு கலை அறிவியல் கல்லூரி உள்ளது. தருமபுரி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றவை. எனவே கல்லூரி அணிக்குத் தேர்வாகும் மாணவிக்குச் சேலம், நாமக்கல், கிருட்டிணகிரி ஆகிய மாவட்டங்களின் களங்களும் திறக்கின்றன.

இத்தகைய ஊரில் குழு விளையாட்டு பொழுதுபோக்கு மட்டுமன்று. பள்ளியில் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகச் செல்லும் போட்டிகள், 1992இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள், உயர்கல்வியில் விளையாட்டு ஒதுக்கீடு, அரசுப் பணியில் 3 விழுக்காடு ஒதுக்கீடு ஆகியவை ஒரு வழியை அமைக்கின்றன. நிலமும் செல்வாக்கும் இல்லாத குடும்பத்துப் பெண்ணுக்கு ஒரு சான்றிதழ் கல்லூரி இடத்தையோ வேலையையோ பெற்றுத்தரக்கூடும். அவள் தன் பெயரால் ஈட்டும் முதல் உடைமையும் பெரும்பாலும் அதுவே.

மேலும், வீட்டைவிட்டு இரவு தங்கிவர ஒரு மாணவிக்கு ஒப்புதல் கிடைக்கும் சில வாய்ப்புகளுள் போட்டிப் பயணமும் ஒன்று. ‘பெண்பிள்ளைகளோடுதானே போகிறாள், டீச்சரும் கூட இருக்கிறார்’ என்பதே அவ்வொப்புதலின் காரணம். வெளியூர்ப் போட்டிகளில் வகுப்பறையில் பாய் விரித்து அணியினர் அனைவரும் சேர்ந்து உறங்குவர். கபடியில் பாடிவருபவளை நால்வர் கைகோத்து மடக்கிப் பிடிப்பர். அடிபட்டவளின் காலை மற்றொருத்தி மடியில் வைத்து நீவிவிடுவாள். இத்தொடுகைகள் எவற்றுக்கும் எவரும் வேறு பொருள் கொள்வதில்லை.

ஆனால் பொருள் கொள்ளாமை ஒரு நம்பிக்கையை அடித்தளமாகக் கொண்டது. பெண்கள் மட்டும் இருக்கும் இடத்தில் காதல் இல்லை என்பதே அந்நம்பிக்கை. அணியில் ஒருத்தி பெண்களையும் விரும்பக்கூடியவள் என்று தெரிந்தால், குலைவது அவளுக்குரிய ஒப்புதல் மட்டுமன்று. அணியிலுள்ள அனைவரது வீட்டார் கொடுத்த ஒப்புதலும் ஆட்டம் காணும். தோழியர் அவளைவிட்டு விலகுவதற்கு வெறுப்பு மட்டுமே காரணம் என்று கொள்வது இதனால் பொருந்தாது. தம் ஆட்டமும் பறிபோகும் என்னும் அச்சமும் அதில் கலந்துள்ளது. அவளது மௌனமும் தன்னலத்தால் மட்டும் விளைந்ததன்று. கபடி அணியில் அவளோடு பெயர் பதிந்துள்ள மற்றப் பதினொருவரின் வாய்ப்பும் அம்மௌனத்தின்மேல் நிற்கிறது.

4. ஐயத்தின் பார்வை

விளையாடும் பெண்ணின்மீது எழும் ஐயம் முதலில் அவளது உடலைக் குறிவைக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராசன் 2006 திசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த ஒருவரின் உடல் நாடறிந்த பேச்சுப்பொருளாயிற்று. இது பாலினக் கூறு பற்றிய நிகழ்வு; ஈர்ப்பு பற்றியதன்று. எனினும் தமிழ்நாட்டில் விளையாடும் பெண்ணை உற்றுநோக்கும் பார்வையின் கடுமையை இந்நிகழ்வு வெளிக்காட்டியது.

இவ்விரு ஐயங்களும் ஒருவரிடமே வந்து சேர்ந்ததை ஒடிசாவைச் சேர்ந்த தூத்தி சந்த் வாழ்வில் காணலாம். இயக்குநீர் அளவைக் காரணம் காட்டி 2014இல் அவர் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கான அணியிலிருந்து விலக்கப்பட்டார். விளையாட்டு நடுவர் மன்றம் 2015 சூலையில் அவ்விதியை இடைநிறுத்தி வைத்தது. 2019 மே மாதத்தில் தாம் ஒரு பெண்ணோடு உறவில் இருப்பதை அவர் பொதுவெளியில் அறிவித்தார். குடும்பத்தில் எதிர்ப்பு எழுந்ததையும் அவரே கூறினார். இரண்டு மாதங்களுக்குள் நேப்பிள்சில் நடைபெற்ற உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் 100 மீட்டர் ஓட்டத்தை 11.32 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். மாணவராக அவர் பெற்ற வெற்றி அது. தூத்தி அறிவித்தது தம் உறவை. தமக்கு எப்பெயரைச் சூட்டுவது என்பதில் ஊடகங்களே அவரினும் விரைந்தன.

ஐயம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியிலிருந்து நீக்கப்பட்ட ஜெனிபர் ஹாரிஸ் 2005இல் வழக்குத் தொடுத்தார். தம்மைத் தற்பாலீர்ப்பாளர் என்று கருதிப் பயிற்சியாளர் ரெனே போர்ட்லேண்ட் ஒதுக்கினார் என்பது அவரது முறையீடு. தாம் அவ்வாறு இல்லை என்றும் ஹாரிஸ் கூறினார். போர்ட்லேண்ட் குற்றச்சாட்டை மறுத்தார். பல்கலைக்கழகம் நடத்திய விசாரணை, ஈர்ப்பு பற்றிய கருதுதலால் அணியில் பகைமையான சூழல் உருவாகியிருந்தது என்று 2006இல் முடிவுகண்டு பயிற்சியாளருக்குத் தண்டம் விதித்தது. 2007இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதன்பின் போர்ட்லேண்ட் பதவி விலகினார். ஐயமே ஒரு வீராங்கனையை அணியிலிருந்து வெளியேற்றப் போதுமானது என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. பெண்கள் விளையாட்டை அடக்கும் கருவியாக இவ்வையம் நெடுங்காலம் இயங்கியதை 1998இல் வெளிவந்த பாட் கிரிபினின் நூல் விரிவாக ஆராய்ந்துள்ளது.

5. இருமுறை மறைதல்

தற்பாலீர்ப்புடைய மாணவியும் இருபாலீர்ப்புடைய மாணவியும் மேற்கண்ட ஐயத்தை ஒருங்கே எதிர்கொள்கின்றனர். இருபாலீர்ப்புடையவளுக்கு மட்டுமே உரிய சிக்கல் அடுத்து வருகிறது. சட்ட அறிஞர் கென்ஜி யோஷினோ 2000இல் வெளியிட்ட கட்டுரையில், எதிர்பாலீர்ப்பினரும் தற்பாலீர்ப்பினரும் தத்தம் காரணங்களால் இருபாலீர்ப்பைக் காணாமற் செய்வதில் ஒத்துப்போகின்றனர் என்று வாதிட்டார். இரு குழுக்களும் தம் அடையாளம் உறுதியானது, மாறாதது என்று நிலைநாட்ட விரும்புவது அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று.

கூடைப்பந்து வீராங்கனை செரில் சுவூப்ஸ் இதற்குத் தக்க சான்று. 1993இல் டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அணிக்காகத் தேசிய இறுதியாட்டத்தில் 47 புள்ளிகள் எடுத்தவர் அவர். முன்னர் ஓர் ஆணை மணந்து மகனைப் பெற்றிருந்த அவர், 2005இல் தம் வாழ்க்கைத்துணை ஒரு பெண் என்றும் தாம் தற்பாலீர்ப்பாளர் என்றும் அறிவித்தார். 2011இல் ஓர் ஆணோடு அவருக்கு மண உறுதி ஆயிற்று என்னும் செய்தி வந்தபோது, முன்னர்ச் சொன்னதைத் திரும்பப் பெற்றுவிட்டார் என்பது போன்ற பேச்சு எழுந்தது. அவருக்கு இருபாலீர்ப்பாளர் என்னும் பெயரைச் சூட்டுவது இங்கு நோக்கமன்று. ஒருவரது வாழ்வில் இருவகை உறவுகளும் இடம்பெறும்போது, ஒன்றை மெய் என்றும் மற்றொன்றைப் பொய் என்றும் வகுக்கவே பிறர் முற்படுகின்றனர் என்பதே நோக்கத்தக்கது.

கல்லூரி அணியில் இது நுண்ணிய வடிவில் நிகழும். வகுப்புத் தோழன் ஒருவனைப் பற்றிப் பேசும் மாணவி, ஐயத்திற்கு அப்பாற்பட்டவளாக அணியில் ஏற்கப்படுகிறாள். அதே மாணவி அணித்தோழியை விரும்பினால் அது ‘ரொம்ப நெருக்கமான ஃபிரெண்ட்ஷிப்’ ஆகிறது. அவள் அதைக் காதல் என்று பெயரிட்டால், முன்னர்த் தோழனைப் பற்றிப் பேசியது நடிப்பாகக் கருதப்படும். பால்புதுமையர் நட்பு வட்டம் ஒன்றை நகரத்தில் கண்டடைந்தாலும், ‘நாளை ஓர் ஆணை மணந்து போய்விடுவாள்’ என்னும் ஐயம் அங்கும் அவளைத் தொடரக்கூடும். இங்ஙனம் அவள் வீட்டாருக்கும் தோழியருக்கும் ஒருமுறை மறைகிறாள். தன்னையொத்தோர் நடுவிலும் மறுமுறை மறைகிறாள். சிறுபான்மை ஈர்ப்புடையோர் எந்நேரமும் தம்மைக் காத்துக்கொள்ளும் விழிப்போடு வாழ்வதால் மனநலம் சிதையும் என்று 2003இல் இலான் மேயர் விளக்கிய ‘சிறுபான்மை நிலை அழுத்தம்’ இங்கு இருமடங்காகிறது.

6. திருமணம் என்னும் வாதம்

மறைப்பின் விளைவு திருமணப் பேச்சில் வெளிப்படுகிறது. ஆண்கள்மீது தனக்கு ஈர்ப்பே இல்லை என்று சொல்லும் பெண்ணிடம் குடும்பம் வற்புறுத்தலாம். ஆனால் அவள் மறுப்புக்கு ஒரு காரணம் உண்டு. இருபாலீர்ப்புடைய பெண்ணிடம் அக்காரணமும் பறிக்கப்படுகிறது. ‘ஆணையும் பிடிக்கும் என்றால் மாப்பிள்ளை பார்ப்பதில் என்ன தடை?’ என்னும் வினா அவளை நோக்கி எழுகிறது. அவள் மறுப்பது ஆணை அன்று. தான் தேர்ந்த துணையை இழப்பதையே மறுக்கிறாள். இந்த வேறுபாட்டைக் கேட்கும் செவி குடும்பத்தில் அரிது.

சட்டமும் இவ்வாதத்திற்குத் தெரியாமலே வலுவூட்டுகிறது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் இருவர் மனமொத்துக் கொள்ளும் தற்பால் உறவு குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 17 அன்று வழங்கிய சுப்ரியோ வழக்குத் தீர்ப்பில், தற்பால் இணையர்க்குத் திருமண உரிமையை ஏற்க மறுத்தது. எனவே இருபாலீர்ப்புடைய பெண் கொள்ளக்கூடிய இரண்டு உறவுகளில் ஒன்றுக்கு மட்டுமே சட்டம் திருமணம் என்னும் பெயரைத் தருகிறது. பெயருள்ள உறவை நோக்கி அவளைத் தள்ளுவது குடும்பத்திற்கு எளிதாகிறது.

தருமபுரி மாவட்டத்தில் இச்சிக்கலுக்குச் சாதியும் கடுமை சேர்க்கிறது. 2012 நவம்பரில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணமாக்கி நத்தம் காலனி உள்ளிட்ட தலித் குடியிருப்புகள் தாக்கி எரிக்கப்பட்டன. பெண்ணின் துணைத் தேர்வு ஊரின் மானமாகக் கருதப்படும் இடத்தில், ஆணோடு கொள்ளும் காதலும் அச்சத்துக்குரியது. பெண்ணோடு கொள்ளும் காதலும் அச்சத்துக்குரியது. ஆகவே ‘இருபாலீர்ப்புடையவளுக்கு எளிய வழி ஒன்று உண்டு’ என்னும் கருத்து இங்குப் பொருந்தாது. அவள் முன் உள்ள இரண்டு காதல்களும் காவலுக்கு உட்பட்டவை. வீட்டார் தேர்ந்த திருமணம் ஒன்றே காவலற்றது. அத்திருமணம் விரைவில் நிகழுமானால் பட்டப்படிப்பும் ஆட்டமும் இடையில் நின்றுபோகும். இற்செறிப்பு என்னும் பழஞ்சொல் இன்று தாங்கும் பொருள் இதுவே.

7. கல்லூரியும் பயிற்றுநரும் செய்யத்தக்கவை

இந்நிலையை மாற்றுவதற்குரிய கருவிகள் சில முன்னரே உள்ளன. பல்கலைக்கழக மானியக் குழுவின் பகடிவதைத் தடுப்பு விதிகளில் 2016இல் செய்யப்பட்ட மூன்றாம் திருத்தம், ஈர்ப்பின் அடிப்படையில் ஒரு மாணவரை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதையும் ஒதுக்குவதையும் பகடிவதை என்றே வரையறுத்தது. அணியிலிருந்து ஒருத்தியை ஈர்ப்பு காரணமாக ஒதுக்குவதும் இவ்விதியின்கீழ் முறையிடத்தக்கதே. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், ஈர்ப்பின் அடிப்படையில் பாகுபாடின்றி மனநலச் சேவை பெறும் உரிமையை வழங்குகிறது. மகளின் இயல்பை ‘மாற்ற’ வேண்டி மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் வீடுகளுக்கு ஒரு செய்தி சென்றடைய வேண்டும்: அவ்வாறு மாற்ற முயல்வது தொழில்முறை ஒழுங்கீனம் என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்துள்ளது.

சுஷ்மா வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 சூன் 7 அன்று பிறப்பித்த இடைக்கால ஆணை மேலும் பயனுடையது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் தொடர்ந்த அவ்வழக்கில், வயதுவந்தோர் தம் விருப்பத்தோடு சேர்ந்திருப்பது உறுதியானால் ‘காணவில்லை’ புகாரைக் காவல்துறை முடித்துவிட வேண்டும் என்று கூறப்பட்டது. பெற்றோர் ஆசிரியர் கழகங்களின் வழியே பெற்றோர்க்குப் புரிதலூட்ட வேண்டும் என்றும் அவ்வாணை அறிவுறுத்தியது. 2022இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் பால்புதுமையரைத் துன்புறுத்துவதற்குத் தடை சேர்க்கப்பட்டது. வீட்டாரால் தடுத்துவைக்கப்பட்ட ஒரு பெண் தன் தோழியோடு செல்லலாம் என்று 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்ததோடு, தேர்ந்துகொண்ட குடும்பம் என்னும் கருத்தையும் ஏற்றது. வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை எதிர்மனுதாரராகக் கொண்ட அவ்வழக்கு, இவ்வுரிமை மாநகர்க்கு மட்டும் உரியதன்று என்பதைக் காட்டுகிறது.

இவ்விதிகள் களத்தை அடைய உடற்கல்வி ஆசிரியரே வாயில். அவர் செய்யத்தக்கவை எளியவை. அணித்தேர்வு ஆட்டத்திறனை மட்டுமே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். களத்தில் வசைச்சொல் எழும்போது அவ்விடத்திலேயே தடுக்க வேண்டும். ஒரு மாணவி தன் இயல்பைச் சொன்னால், அவள் இசைவின்றி அதை வீட்டுக்கோ துறைத்தலைவருக்கோ தெரிவிக்கக் கூடாது. அனைத்தினும் இன்றியமையாதது இறுதியிற் சொன்னதே. நல்லெண்ணத்தோடு வீட்டுக்குச் சொல்லப்படும் ஒரு சொல்லே அவளது ஆட்டத்தையும் படிப்பையும் முடித்துவைக்கக்கூடும். இருபாலீர்ப்பைத் தனியே பெயர் சொல்லிக் குறிப்பிடுவதும் தேவை. ‘அவள் ஆணையும் விரும்புகிறாள், ஆதலால் சிக்கல் இல்லை’ என்று கடந்துசெல்லும் ஆசிரியரும், அறியாமலே மறைப்பில் பங்குகொள்கிறார்.

அகமரபில் தலைவியின் காதலைத் தோழி உரிய நேரத்தில், உரியவரிடம், உரிய சொல்லால் வெளிப்படுத்துவது ‘அறத்தொடு நிற்றல்’ எனப்படும். வெளிப்படுத்தலும் ஓர் அறச்செயல். தலைவியின் நலமே அதன் அளவுகோல். அணித்தோழியும் ஆசிரியரும் கைக்கொள்ளத்தக்க நெறி அதில் உள்ளது.

முடிவுரை

பெண்கள் அணி சிற்றூர் மாணவிக்குக் கல்வியையும் வேலையையும் வெளியுலகையும் திறக்கும் வாயில். இருபாலீர்ப்புடைய மாணவி அவ்வாயிலில் நிற்க, தன்னைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையைக் காத்துவர வேண்டியுள்ளது. உடல்மீது எழும் ஐயம் அவளை அச்சுறுத்துகிறது. ஈர்ப்பின் இருமை அவளைக் கண்ணுக்குத் தெரியாதவளாக்குகிறது. அத்தெரியாமையே அவளைத் திருமணத்தை நோக்கித் தள்ளுகிறது. சட்டத்தின் பாதுகாப்பு உயர் நீதிமன்றம்வரை சென்றவர்க்குக் கிடைத்துள்ளது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பேருந்தேறிப் பல்கலைக்கழகப் போட்டிக்குச் செல்லும் மாணவிக்கு அது கல்லூரியின் விளையாட்டுத் திடலிலேயே கிடைக்க வேண்டும். ஒருத்தியின் இயல்பு வெளித்தெரிந்த மறுநாளும் ஆடுவோர் பட்டியலில் அவள் பெயர் நிலைத்திருக்குமானால், அங்கு இற்செறிப்பு முடிவுக்கு வந்தது என்று கொள்ளலாம்.